பரீட்சைக்கு மட்டுமா இந்தச் சொற்கள்?

சூழற்றொகுதி என்றால் என்ன? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எந்த மாணவியை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவாள். ஒரு குறித்த இடத்தில் வாழும் அங்கிகளின் சாகியமும், அவை இடைத்தாக்கம் புரியும் உயிரற்ற சூழலும் சேர்ந்தது சூழற்றொகுதி. கடந்த தவணையில் எமது வகுப்பில் எல்லோரும் இதைத்தான் எழுதினோம். எல்லோருக்கும் புள்ளி கிடைத்தது.

பிறகு டீச்சர் ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். ஒருத்தி அமேசன் மழைக்காடு என்றாள். ஒருத்தி ஆபிரிக்கப் புல்வெளி என்றாள். நான் சிங்கராஜ வனம் என்றேன். சிங்கராஜவுக்கு நான் போனதே இல்லை. எங்கள் மாடி வகுப்பறையின் ஜன்னலால் பார்த்தால் சீனன்குடாத் தண்ணீர் தெரியும். பிறந்த நாளிலிருந்து நான் பார்த்து வளர்ந்த தண்ணீர் அது. அந்தக் குடாவின் பெயரை எங்களில் ஒருத்திகூடச் சொல்லவில்லை.

அன்றிரவு பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது மூத்தம்மா கேட்டார்: "என்ன புள்ள அது, சூழத்தொகுதி?" நான் விளக்கினேன். தண்ணி, சேறு, உப்பு, வெயில், மரம், மீன், றால், நண்டு, பறவை, மனிதர் எல்லாம் ஒன்றில் ஒன்று தங்கி இருப்பது என்றேன். மூத்தம்மா சிரித்தார். "அதானே கண்டலடி! கண்டல வெட்டினா றால் குஞ்செல்லாம் எங்க போய் வளரும்? இதுக்கா இவ்வளவு நேரமா பாடமாக்கிறாய்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வரைவிலக்கணம் என்னிடம் இருந்தது. பொருள் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். சூழலியற் சொற்களைப் பரீட்சைத் தாளில் விட்டுவிட்டு வருவது எமக்கு நட்டம். அவற்றை வீட்டுக்குக் கொண்டு வராவிட்டால், எமது குடாவைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் எமக்குப் பங்கு இராது.

முதலில் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். சூழலியல் என்னும் துறைக்கு 1866இல் பெயரிட்டவர் ஜேர்மனிய விலங்கியலாளர் ஏர்ணஸ்ட் ஹெக்கல். கிரேக்க மொழியில் வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை அவர் ஆக்கினார். அதாவது பெயரின்படி சூழலியல் என்பது வீட்டைப் பற்றிய படிப்பு. சூழற்றொகுதி என்ற கருத்தை 1935இல் தந்தவர் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. உயிருள்ளவற்றைத் தனியாகவும் மண்ணையும் நீரையும் காற்றையும் தனியாகவும் படித்தால் இயற்கை விளங்காது, இரண்டையும் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். மூத்தம்மா சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

அடுத்து வருபவரின் கதையில் எங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்த ஓர் ஆண்டு வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் குண்டு வீசித் தாக்கின. எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்து அழிந்தது. அதே 1942இல்தான் அமெரிக்காவில் ரேமண்ட் லின்டெமன் என்ற இளைஞரின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய சதுப்பு ஏரியை அவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். பாசியிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து மீனுக்கு என்று சக்தி எவ்வாறு மட்டம் மட்டமாகச் செல்கிறது என்று கணக்கிட்டார். கட்டுரையை முதலில் வாசித்த மதிப்பீட்டாளர்கள் அதை ஏற்க வேண்டாம் என்றார்கள். அவருடைய வழிகாட்டியான ஹட்ஜின்சன் வற்புறுத்தியதால்தான் அது அச்சேறியது. அச்சில் வருவதற்கு முன்பே 26 வயதில் லின்டெமன் இறந்துவிட்டார். நாங்கள் போசணை மட்டம் என்று பாடமாக்குவதன் பின்னால் இப்படி ஓர் உயிர் உழைத்திருக்கிறது.

அந்தப் பாடத்தை எங்கள் கறிச்சட்டிக்குக் கொண்டு வருவோம். ஒரு போசணை மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குச் சராசரியாகப் 10 சதவீதமான சக்தியே செல்கிறது என்று படிக்கிறோம். மீதி சுவாசத்திலும் வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடும். ஒரு கிலோ பாரை மீன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பருமட்டான கணக்கில், அந்த ஒரு கிலோ உருவாக 10 கிலோ அளவு சிறுமீன் வேண்டும். அந்தச் சிறுமீனுக்கு 100 கிலோ விலங்குப் பிளாந்தன் வேண்டும். அதற்கு 1000 கிலோ தாவரப் பிளாந்தன் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பசுமை, தெளிந்த நீரும் வெயிலும் இருந்தால்தான் வளரும். ஒரு கிலோ பாரையை வாங்கும் வாப்பா, உண்மையில் 1000 கிலோ கடற்பசுமையின் விளைவைத்தான் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். குடாவின் நீர் கலங்கினால் சந்தையில் மீன் விலை ஏன் ஏறும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதே கணக்குக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. சக்தி மேலே செல்லச் செல்லக் குறைகிறது. ஆனால் உடலிலிருந்து எளிதில் வெளியேறாத நஞ்சு மேலே செல்லச் செல்லச் செறிவடைகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1932 முதல் 1968 வரை இரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. இரசம் சிப்பிக்கும் மீனுக்கும் போய், மீனைத் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் போனது. பூனைகள் வலிப்பு வந்து துள்ளி விழுந்து செத்தன. 1956இல் நோய் வெளிப்படையாக இனங்காணப்பட்டது. அதன் பின்னும் 12 ஆண்டுகள் கழிவு நிற்கவில்லை. அந்த ஊரில் சில தாய்மாருக்குப் பெரிய நோய்க்குறி எதுவும் இருக்கவில்லை. அவர்கள் வயிற்றிலிருந்த பிள்ளைகள் நரம்புக் குறைபாட்டோடு பிறந்தன. தாயின் உடலிலிருந்த நஞ்சைப் பிள்ளை ஏந்திக்கொண்டது. நாளை உம்மாவாகப் போகும் நாங்கள் உணவுச் சங்கிலியை மனனம் செய்தால் மட்டும் போதாது, அதன் கடைசிக் கண்ணி நாங்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இனிக் கண்டலுக்கு வருவோம். எங்கள் பகுதியில் குடாவின் ஓரத்திலும், தம்பலகாமக் குடாவைச் சுற்றியும், கிண்ணியாப் பக்கத்திலும் கண்டல், கண்ணா, தில்லை என்று பல மரங்கள் நிற்கின்றன. இந்த இடங்களை ஊரில் எப்படி அழைக்கிறோம்? "பற்றை", "சேத்து நிலம்", "சும்மா கிடக்கிற காணி." பெயரே அந்த இடத்தின் விதியைத் தீர்மானித்துவிடுகிறது. சும்மா கிடக்கும் காணியில்தானே கட்டட இடிபாட்டைக் கொட்டுவார்கள்? சும்மா கிடக்கும் பற்றையைத்தானே துப்புரவு செய்வார்கள்? வெட்டுபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய அகராதியில் அந்த இடத்துக்கு வேறு சொல் இல்லை, அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தில் அதற்கு வேறொரு சொல் இருக்கிறது: சூழற்றொகுதிச் சேவைகள். 2005இல் வெளியான மிலேனியம் சூழற்றொகுதி மதிப்பீடு இந்தச் சேவைகளை நான்காக வகுத்தது. தருபவை, ஒழுங்குபடுத்துபவை, தாங்கி நிற்பவை, பண்பாட்டுக்குரியவை. கண்டல் இந்த நான்கையும் செய்கிறது. றாலும் நண்டும் மீனும் தருகிறது. அலையின் வேகத்தைக் குறைத்துக் கரை அரிப்பைத் தடுக்கிறது. ஓட்சிசன் குறைந்த சேற்றில் இலைகுழைகள் மெதுவாகவே உக்குவதால் காபனை நீண்ட காலம் மண்ணுக்குள் பூட்டி வைக்கிறது. மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாக இருக்கிறது. பின்னேரம் வந்து உட்கார்ந்து கொக்கைப் பார்க்கும் எங்களுக்கு மனத்துக்கு ஆறுதல் தருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவும் மூதூரும் இழந்த உயிர்களை எங்கள் குடும்பங்கள் மறக்கவில்லை. கண்டல் இருந்தால் சுனாமி வராது என்று எவரும் சொல்ல முடியாது. அடர்ந்த கண்டல் அலையின் பலத்தைக் குறைக்கும் என்று சொல்லலாம். இவ்வளவு வேலை செய்யும் இடத்தைச் "சும்மா கிடக்கிற காணி" என்று சொல்வது நன்றி கெட்ட பேச்சு.

"அப்படியானால் கண்டல் நடுவோம்" என்று உடனே கிளம்புவோரும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கையில் பல இடங்களில் கண்டல் நடப்பட்டது. அவ்வாறான 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று கண்டது. 1000 ஹெக்டேயருக்கு மேல் எடுத்த முயற்சியில் வெற்றி கண்டது 200 ஹெக்டேயர் அளவுதான். பல கன்றுகள் அவை வளர முடியாத இடத்தில், எந்நேரமும் நீரில் மூழ்கும் தாழ்ந்த பகுதியில் நடப்பட்டிருந்தன. நட்ட பின் பார்க்கவும் ஆளில்லை. கண்டலுக்கு வேர் தாங்கி நிற்கும், கண்ணாவுக்கு மூச்சுவேர் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் வற்றுப்பெருக்கின் வெவ்வேறு மட்டம் பொருந்தும் என்பதெல்லாம் நாங்கள் படிக்கும் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் அறியாமல் நட்டால், படம் எடுக்க மட்டும் கன்று உதவும். பிழையிலிருந்து நாடு கற்றுக்கொண்டது என்பதும் உண்மை. இடமறிந்து கண்டலை மீட்கும் இலங்கையின் முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் உலக முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அங்கீகரித்தது.

அடுத்த சொல் நற்போசணையாக்கம். பெயரைக் கேட்டால் நல்ல விடயம் போலத் தோன்றும். நைதரசனும் பொசுபரசும் அளவுக்கு மீறி நீரில் சேர்ந்தால் அல்காக்கள் பெருகும். அவை இறந்து உக்கும்போது பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஓட்சிசனைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். எங்களுக்கு இது எங்கிருந்து வருகிறது? கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்ந்து, மிஞ்சிய நீர் தம்பலகாமக் குடாவுக்கு வருகிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மலையகத்துத் தோட்டங்களையும் தாழ்நிலத்து வயல்களையும் கடந்து மூதூரருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அங்கெல்லாம் வீசும் பசளையில் பயிர் எடுக்காத பங்கு நீரோடு சேர்ந்து எங்களிடம்தான் வரும். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போடுபவரும் கொட்டியாரக் குடாவில் வலை வீசுபவரும் ஒருவரையொருவர் காணாவிட்டாலும் ஒரே போசணை வட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் மேலே இருப்பவர் தலையில் போட்டுவிட்டு நாங்கள் தப்பக் கூடாது. கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் கொடுத்த பின் குடலையும் சாணத்தையும் இரத்தத்தையும் உரப்பையில் கட்டிக் கரையோரத்தில் எறியும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. "கடல்தானே, அள்ளிக்கொண்டு போய்விடும்" என்பார்கள். திறந்த கடலே எல்லாவற்றையும் அள்ளிச் செல்வதில்லை. எங்களுடையது மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த குடா. உள்ளே விழுந்தது எளிதில் வெளியே போகாது. அது அங்கேயே உக்கி, அங்கேயுள்ள ஓட்சிசனைத்தான் எடுக்கும். இபாதத்தாகச் செய்யும் ஒரு செயலின் கடைசிப் பகுதி மீனுக்கு மூச்சடைப்பாக முடிவதை எந்த ஆலிம் சரி காண்பார்? ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தால் அதே கழிவு பிரிகையாக்கிகளின் உதவியால் ஆறு மாதத்தில் தென்னைக்குப் பசளை. பெருநாளுக்கு முன் ஒரு குழி வெட்டி வைப்பது பெரிய செலவில்லை.

தாங்குதிறன் என்றொரு சொல்லும் படிக்கிறோம். ஒரு சூழல் எத்தனை உயிர்களைத் தொடர்ந்து தாங்கும் என்ற எல்லை அது. தம்பலகாமக் குடாவுக்கு ஒரு காலத்தில் முத்தினால் பெயர் இருந்தது. சேற்றுப் படுக்கையில் வாழும் கண்ணாடி போன்ற தட்டைச் சிப்பியிலிருந்து அங்கு முத்து எடுத்தார்கள். 1850களில் கெலாட் என்ற இயற்கையியலாளர் அதை ஆராய்ந்தார். 1906இல் ஹோர்னெல் அதைப் பற்றி அறிக்கை எழுதினார். இன்று அங்கே முத்துக் குளிப்பு என்றொரு தொழில் இல்லை. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியொன்று இருந்த கதையே தெரியாது. நாளை "இங்கே றால் பிடித்தார்களாம்" என்று எங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு பழைய அறிக்கையில் வாசிக்கும் நிலை வரக்கூடாது.

டைனமைட் போட்டு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். தங்கூசி வலையும் தடை. என்றாலும் இரண்டும் எங்கள் கடலில் முற்றாக நிற்கவில்லை என்பது கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வெடியில் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் சாகும். நூறு வருடம் வளர்ந்த முருகைக்கல் ஒரு நொடியில் நொறுங்கும். "நான் பிடிக்காவிட்டால் அவன் பிடிப்பான்" என்பது எல்லோரும் சொல்லும் நியாயம். பொதுச் சொத்து இப்படித்தான் அழியும் என்று 1968இல் ஹார்டின் என்ற அறிஞர் எழுதினார். அழிந்தே தீர வேண்டும் என்றில்லை என்று காட்டியவர் ஒரு பெண், எலினோர் ஒஸ்ட்ரம். மீனவர்களும் விவசாயிகளும் தாங்களே கூடி விதி வகுத்து, தாங்களே கண்காணித்துப் பொது வளத்தைக் காத்த ஊர்கள் பல உலகில் இருப்பதை அவர் ஆராய்ந்து நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர்தான். பள்ளிவாசல் நிருவாகமும் மீனவர் சங்கமும் கூடி உட்காரும் ஊர்களில் இது நடக்காத காரியமா?

இப்போது என் வாதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டு 30 நாட்களுக்குள் தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். அந்த உரிமை கொழும்பிலுள்ள விஞ்ஞானிக்கு மட்டும் உரியதன்று. வெள்ளைமணலில் வலை பின்னும் காக்காவுக்கும் உரியது. ஆனால் அறிக்கையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? உயிர்ப்பல்வகைமை, வாழிடத் துண்டாக்கம், கடற்புற்படுக்கை, தாங்குதிறன், தணிப்பு நடவடிக்கை. இந்தச் சொற்கள் விளங்காதவருக்கு 30 நாள் கிடைத்தாலும் 300 நாள் கிடைத்தாலும் ஒன்றுதான்.

சம்பூரை நினைத்துப் பாருங்கள். கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கத்தில் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டது. சாம்பல் எங்கே போகும், குளிர்விக்கப் பயன்படும் நீர் சூடாகக் கடலில் விழுந்தால் மீனுக்கு என்னாகும் என்று அவ்வூர் மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் கேட்டார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசு மன்றுக்கு அறிவித்தது. அந்த முடிவுக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் எந்த மன்றிலும் வழக்கு நிற்காது. வெப்ப மாசு, வாழிட இழப்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்பவருக்குத்தான் பெயர் சொல்லிப் பதில் வரும்.

எங்கள் ஊரிலும் மாற்றங்கள் வருகின்றன. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. இவற்றில் பல தாங்கிகள் பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் கிடந்தவை. மனிதன் விட்டுச் சென்ற இடத்தில் முதலில் புல், பிறகு பற்றை, பிறகு மரம் என்று காடு தானாகத் திரும்பி வந்திருக்கிறது. அபிவிருத்தி வரும்போது அந்தக் காட்டில் எதை வைத்திருப்பது, எதை எடுப்பது, எண்ணெய் கசிந்தால் குடாவை எப்படிக் காப்பது என்று கேட்க வேண்டியவர்கள் இங்கே வாழும் நாங்கள்தான்.

பெற்றோர்களில் சிலர் இந்த இடத்தில் என்னோடு கோபிக்கலாம். "மகள், துறைமுகமும் ஆலைகளும் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா? வேலை இல்லாத ஊரில் கண்டலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?" நியாயமான கேள்வி. என் தோழிகளில் பலருடைய வாப்பாமார் அந்த வேலைகளிலிருந்துதான் அவர்களைப் படிக்க வைக்கிறார்கள். மாவாலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வேலை தருகிறோம் என்று வருபவரிடம் கழிவு எங்கே போகிறது என்று கேட்பது வேலையை விரட்டுவது ஆகாது. வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாலும் நாலு கேள்வி கேட்டுத்தானே பெண் கொடுக்கிறோம்? கடற்றொழிலும் வேலைதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வேலைக்காக இன்னொரு வேலையின் தொட்டிலை உடைத்தால் ஊருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

"சூழல் பற்றிப் பேசுவது மேலைநாட்டு நாகரிகம்" என்று சொல்வோரும் உண்டு. சூரா அர்ரஹ்மானை ஓதும் நாங்கள் அப்படிச் சொல்லலாமா? வானம் உயர்த்தப்பட்டதைக் கூறும் அதே இடத்தில் மீஸான் என்னும் தராசும் கூறப்படுகிறது. அந்தத் தராசில் வரம்பு மீற வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. சூழற்றொகுதியின் சமநிலை என்று நான் வகுப்பில் எழுதும்போது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. மனிதன் பூமியில் கலீபா என்று சிறு வயதில் மதரஸாவில் படித்தோம். பொறுப்பாளன் என்பவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன். தராசும் கணக்கும் எங்கள் மார்க்கத்துக்குப் புதியவை அல்ல.

ஆகவே நான் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். மூன்றும் செலவில்லாதவை.

முதலாவது, எங்கள் கல்லூரியில் உயிரியல் படிக்கும் ஒவ்வொருத்தியும் கொப்பியில் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஊர்ச்சொல்லையும் ஓர் ஊர் உதாரணத்தையும் எழுத வேண்டும். வாழிடம் என்றால் கண்டலடி. உற்பத்தியாக்கி என்றால் குடாவின் பாசி. உயர்நிலை நுகரி என்றால் பாரையும் நாங்களும். புள்ளிக்குக் குறைவு வராது. உதாரணம் கேட்டு வினா வந்தால் அமேசனைத் தேடி ஓட வேண்டியும் இராது.

இரண்டாவது, வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். எந்த மாதத்தில் எந்த மீன் வரும், எந்தக் காற்றுக்கு நீர் கலங்கும், முன்பு இருந்து இப்போது காணாமற்போன மீன் எது என்று அவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும். பத்து ஆண்டு கழித்து எவராவது எங்கள் குடாவை ஆராய வந்தால், அந்தக் கொப்பிகள் அவருக்குக் கிடைக்காத தகவலைக் கொடுக்கும்.

மூன்றாவது, எங்கள் பகுதி பற்றிச் சுற்றாடல் அறிக்கை ஏதாவது பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் உயர்தர மாணவிகள் அதன் சுருக்கத்தையாவது படித்து, பள்ளிவாசலிலோ மாதர் சங்கத்திலோ உம்மாமாருக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். படித்த பிள்ளை என்று ஊர் எங்களைப் பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பெருமைக்கு நாங்கள் செய்யும் கைம்மாறாக அது இருக்கட்டும்.

சென்ற வாரம் மூத்தம்மாவோடு கண்டலடிப் பக்கம் நடந்தேன். மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்கிய ஒரு கண்டற்காயைக் காட்டி, "இது தாய்ல இருக்கும்போதே முளைச்சிரும், பொறகுதான் விழும்" என்றார். எங்கள் புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கு வரவில்லை, விட்டுவிட்டார். பிறகு தில்லையைத் தொட வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அது என் புத்தகத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை டீச்சர் உதாரணம் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும்.